சத்தம்மா சொன்ன சொல்

அந்த அம்மாள் ஈரத் துண்டை முறுக்கிச் சமையலறைத் தரையில் போட்டுவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்கிறார்.

"சதக்கா, தொப்பா?"

கேள்வி கணவருக்கு. லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த மனிதர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே "சதக்" என்கிறார். நன்றாகக் கேளுங்கள் என்றதும் "தொப்" என்று மாற்றிக்கொள்கிறார். இரண்டும் இல்லை, இது சொதக் என்று அம்மையாரே தீர்ப்பு வழங்கிவிட்டு, துண்டை எடுத்துப் பிழிந்து காயப்போடப் போய்விடுகிறார். மணி இன்னும் எட்டு ஆகவில்லை. இதற்குள் ஒரு கரண்டியும் ஒரு செருப்பும் கீழே விழுந்து பரிசோதனை முடித்தாகிவிட்டது.

தொழில், மொழிபெயர்ப்பு. எழுத்தில் அல்ல, வாயில். இந்த அயல்நாட்டுக்கு வந்து குடியேறிய, ஆங்கிலம் தெரியாத தமிழர்கள் காவல் நிலையத்திலோ ஆஸ்பத்திரியிலோ நீதிமன்றத்திலோ போய் நிற்கும்போது, பக்கத்தில் நின்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கத்துக்கும், அந்தப் பக்கத்துப் பேச்சை இந்தப் பக்கத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறார். கைப்பையில் இரண்டு பேனா, ஒரு குறிப்பேடு, ஒரு டப்பா நிறையத் தொண்டைக்கு இதமான மிட்டாய். "தொண்டை கட்டிக்கிச்சுன்னா என் கடையே கட்டிக்கிச்சு" என்பார். நடந்தால் ஓசை வராத தட்டைச் செருப்பு. உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவருக்குத்தான் சக ஊழியர்கள் 'சத்தம்மா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

காரணம் அந்தக் குறிப்பேடு. பக்கத்துக்கு நடுவே கோடு கிழித்து இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம். முழுக்க முழுக்க ஓசைகள். பளார் என்றால் கன்னத்தில் விழுந்தது, மடார் என்றால் மண்டையில் விழுந்தது, சடார் என்றால் திடீரென்று நடந்தது, அது அடியாகவும் இருக்கலாம், திரும்பிப் பார்த்ததாகவும் இருக்கலாம். சாட்சி சொல்ல வருகிற நம் ஆட்கள் நடந்ததைச் சொல்லமாட்டார்கள், நடந்தபோது கேட்டதைச் சொல்வார்கள் என்பது சத்தம்மாவின் அனுபவம். "டமார்னு வந்தான், பளார்னு விட்டான், விர்ருனு போயிட்டான். இதை வச்சுக்கிட்டு ஜட்ஜுக்கு என்ன சொல்லுவீங்க?" என்று புதிதாகத் தொழில் பழக வருகிறவர்களைக் கேட்பார். அவர்கள் விழிப்பார்கள்.

அவர்களுக்கு நடத்துகிற வகுப்பில் அவர் தவறாமல் எடுக்கிற பாடம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'தட்' என்று ஒரு சொல், 'தம்ப்' என்று ஒரு சொல். இரண்டும் 'த'வில் தொடங்கும், இரண்டும் கனமான, மந்தமான ஓசை. அவசரத்தில் ஒன்றை எடுக்கப் போய் மற்றொன்று கையில் வரும். ஆனால் தட் என்பது பாரமான ஏதோ ஒன்று தரையில் விழுகிற ஓசை. தம்ப் என்பது முஷ்டியால் குத்துவது, குத்தும்போது எழுகிற ஓசை. தமிழ்க் காதுக்குத் தட் என்றதும் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும், அங்கேதான் வழுக்கிவிடும் என்று எச்சரிப்பார். "தம்ப்புல ஒரு கை இருக்கு. தட்டுல கை கிடையாது. அது பாட்டுக்கு விழுறது." வகுப்பில் எல்லோரும் அடிக்கோடிட்டு எழுதிக்கொள்வார்கள்.

இன்னொரு பாடமும் உண்டு. மொழிபெயர்ப்பாளருக்கு 'நான்' கிடையாது. திருடியவன் "நான் திருடலை" என்றால், இவரும் "நான் திருடவில்லை" என்றுதான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அந்த 'நான்' அவனுடையது. தன் சார்பில் ஏதாவது சொல்ல நேர்ந்தால், தன்னையே மூன்றாம் மனுஷியாக்கி, 'மொழிபெயர்ப்பாளர் கேட்டுக்கொள்வது என்னவென்றால்' என்று தொடங்க வேண்டும். வீட்டில் கணவர் சாப்பிட்டாயா என்று கேட்டால், "மொழிபெயர்ப்பாளர் அப்பவே சாப்பிட்டாச்சு" என்று பதில் வரும்.

இவ்வளவு தெரிந்தவருக்குத்தான் அது நடந்தது.

பேக்கரியில் ரொட்டி சுடுகிற ஒருவர். அதிகாலை வேலைக்குப் போய் மதியம் திரும்புகிறவர். ஒரு நாள் மதியம் அவர் வீட்டில் இருந்தபோது, ஸ்டூலில் ஏறித் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி கீழே விழுந்தார். கட்டிலின் இரும்பு விளிம்பு பின்னந்தலையில் பட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது. இப்படித்தான் அவர் சொன்னார். போலீஸ் நம்பவில்லை. முந்தின வாரம் புருஷனும் பெண்டாட்டியும் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருந்தது. விழுந்தும் இந்தக் காயம் வரலாம், பிடித்துத் தள்ளியும் வரலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு காது. நேர் கீழ்வீட்டில் குடியிருந்த தையல்காரம்மாவின் காது. நூல் மாற்றுவதற்காக மெஷினை நிறுத்தியிருந்த நேரத்தில் மாடியில் சத்தம் கேட்டதாக அந்தம்மா சொன்னார். அவருக்குத் தமிழ் மட்டுந்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் காவல் நிலையத்துக்கு வரவழைக்கப்பட்டவர் சத்தம்மா. தையல்காரம்மா சொல்லச் சொல்ல இவர் ஆங்கிலத்தில் சொன்னார். எல்லாம் ஒலிப்பதிவானது. எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்கள். இருபது நிமிட வேலை. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஆயிரக்கணக்கான இருபது நிமிடங்கள். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டார்.

ஏழு மாதம் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது. குற்றவாளிக் கூண்டில் ரொட்டிக்காரர். சாட்சிக் கூண்டில் தையல்காரம்மா. அவருக்குப் பக்கத்தில் சத்தம்மா. பழைய சாட்சிதான் என்பது முகத்தைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது, வேறெதுவும் வரவில்லை. அரசு வக்கீல் எழுந்து, நீங்கள் போலீஸில் கொடுத்த வாக்குமூலத்தை வாசிக்கிறேன், சரிதானா என்று சொல்லுங்கள் என்று ஒரு வரியை ஆங்கிலத்தில் வாசித்தார். அதைத் தமிழாக்க வேண்டியது இவர் வேலை. எப்போதும்போல வாய் திறந்தார்.

"மேல ஓங்கிக் குத்துற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் நிறுத்தாம குத்து மேல குத்தா விழுந்துட்டே இருந்துச்சு. இப்படிச் சொல்லியிருக்கீங்க. சரிதானா?"

தையல்காரம்மா இவரைத் திரும்பிப் பார்த்தார்.

"குத்தா? நான் எங்கம்மா குத்துன்னு சொன்னேன்? மேல தொப்புனு கேட்டுச்சு, அப்புறம் தொம் தொம்முனு ஒரே சத்தம்னுல்ல சொன்னேன். உங்ககிட்டதானம்மா சொன்னேன்."

சத்தம்மாவின் காது மடல் இரண்டும் சுட்டன. தொப். அவருடைய குறிப்பேட்டில் மூன்றாவது பக்கத்தில் இருக்கிற சொல். தமிழில் யாரும் யாரையும் தொப்பென்று குத்துவதில்லை. தொப்பென்று விழத்தான் முடியும். அதற்கு நேர் எதிரே வலது பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே 'தட்' என்று எழுதியிருக்கிறது. ஆனால் அரசு வக்கீல் இப்போது வாசித்த வரியில் இருந்தது தம்ப். ஒன்றல்ல, தம்ப்புக்கு மேல் தம்ப்.

அதிர்ந்து நிற்கவும் நேரமில்லை. சாட்சி பேசியதை ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டும். சொன்னார். சாட்சியின் 'நான்' அவர் வாயில் வந்தது. நான் குத்து என்று சொல்லவில்லை. நான் உங்களிடம்தான் சொன்னேன்.

உங்களிடம் என்றால் யாரிடம் என்று நீதிபதி கேட்டார். அதற்குள் அரசு வக்கீல் முந்திக்கொண்டார். சாட்சி பேச்சை மாற்றுகிறார், குற்றம் சாட்டப்பட்டவரின் சொந்தக்காரர்கள் யாராவது வீட்டுக்கு வந்து பேசினார்களா, மிரட்டினார்களா என்று அடுக்கினார். அதையும் சத்தம்மாதான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. தன் வாயாலேயே அந்த அம்மாளைப் பொய்க்காரி என்று கேட்க வேண்டியிருந்தது. பாதிக் கேள்வியில் குரல் நின்றுவிட்டது. தையல்காரம்மா கண் கலங்கி நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை மாறாமல் சொன்னதையே சொன்னவருக்கு, தான் என்ன தப்புச் செய்தோம் என்று விளங்கவில்லை.

சத்தம்மா கையை உயர்த்தினார். மொழிபெயர்ப்பாளர் நீதிமன்றத்திடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது என்றார். நீதிபதி தலையசைத்தார்.

போலீஸில் அந்த வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் இதே மொழிபெயர்ப்பாளர்தான் என்று தொடங்கினார். சாட்சி இன்று பேச்சை மாற்றவில்லை. அன்று சொன்னதைத்தான் இன்றும் சொல்கிறார். தொப் என்ற சொல்லுக்குத் தட் என்று சொல்லியிருக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளர் தம்ப் என்று சொல்லிவிட்டார். தொம் தொம் என்பது தரையில் கால் பதிகிற ஓசையாகவும் இருக்கலாம், என்ன ஓசை என்று மொழிபெயர்ப்பாளர் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. பதிவு இருக்கிறது. போட்டுக் கேட்கலாம்.

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணின் விரல்கள் விசைகளின் மேலேயே நின்றன. அரசு வக்கீல் கையிலிருந்த தாளைப் பார்த்தார், சத்தம்மாவைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். ஏழு மாதமாக அவர் கட்டிய வழக்கு அந்த ஒரு வரியின் மேல் உட்கார்ந்திருந்தது.

நீதிபதி நல்ல மனிதர். இவரைப் பல வருடமாகப் பார்த்து வருகிறவர். அந்த இரண்டு சொல்லும் ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக்கூடக் குழம்பும், அன்றைக்கு உங்களுக்கு அந்த வித்தியாசம் சரியாகத் தெரிந்திருக்காது, அப்படித்தானே என்று மெதுவாகக் கேட்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சத்தம்மாவின் மேலதிகாரி ஆமாம் சொல், ஆமாம் சொல் என்று கண்ணாலேயே கெஞ்சினார். தெரியவில்லை என்றால் அது வெறும் பிழை. பிழைக்கு ஒரு கண்டிப்போடு போகும்.

தெரியும் என்றார் சத்தம்மா.

தெரிந்தா அப்படிச் சொன்னீர்கள் என்று நீதிபதி கேட்டார். அதற்கு அவர் சொன்ன பதிலில் மொழிபெயர்ப்பாளர் காணாமல் போனார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கட்டடத்துக்குள் அவருடைய சொந்த 'நான்' வந்தது. அவர் பேசி முடித்ததும் நீதிபதி பேனாவை மூடி வைத்தார். பிறகு, கூண்டில் இருப்பவருக்கு இது புரிய வேண்டும், நீங்கள் இப்போது சொன்னதை அவர் மொழியில் அவரிடம் சொல்லுங்கள் என்றார்.

சத்தம்மா குற்றவாளிக் கூண்டின் பக்கம் திரும்பினார். ஏழு மாதத்தில் அந்த மனிதர் பாதியாகியிருந்தார். சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து போகும்.

"அன்னைக்கு ஸ்டேஷன் பெஞ்சுல உங்களைப் பார்த்தேன். சட்டையெல்லாம் ரத்தம். நீங்கதான் அடிச்சிருப்பீங்கன்னு நான் முடிவு பண்ணிட்டேன். அதுக்கப்புறம்தான் உள்ள போயி அந்தம்மா பேசுறதைக் கேட்டேன். அவங்க விழுற சத்தம்னுதான் சொன்னாங்க. நான்தான் அடின்னு சொல்லிட்டேன்."

ரொட்டிக்காரர் கத்தவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"அவளைத் தூக்கி மடியில போட்டேன்ல, அந்த ரத்தம்" என்றார். "அப்புறம் போன் எங்கன்னு தெரியலை. அங்கயும் இங்கயும் ஓடினேன். அவங்க கேட்டது என் காலு சத்தங்க. முதல் நாள்லேருந்து அதைத்தான் சொல்றேன்."

இதையும் சத்தம்மாதான் ஆங்கிலத்தில் சொன்னார். ஒவ்வொரு சொல்லாக, எடை போட்டு. சொல்லி முடித்துவிட்டு, உட்கார அனுமதி கேட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. பதிவை இரண்டு வெளி மொழிபெயர்ப்பாளர்கள் தனித்தனியே கேட்டார்கள். இரண்டு பேருமே தட் என்றுதான் எழுதினார்கள். அந்த வீட்டு மாடியில் ஒரு போலீஸ்காரர் வெறுங்காலோடு இங்கும் அங்கும் ஓடினார். கீழே மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தையல்காரம்மா, இதே சத்தந்தான் என்று தலையாட்டினார். மூன்றாவது வாரம் அரசுத் தரப்பு வழக்கைத் திரும்பப் பெற்றது.

சத்தம்மாவின் பெயரை மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து ஆறு மாதத்துக்கு எடுத்தார்கள். சக ஊழியர்களில் பாதிப் பேர் பார்த்தும் பார்க்காததுபோலப் போனார்கள். மீதிப் பேர், தெரியாதென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போச்சு, எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டார்கள். பார்க்காமல் போனவர்களே தேவலாம் என்று அவருக்கு இருந்தது. வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, கணவர் தோளில் மாட்டியிருந்த கருவிப் பையைக் கீழே இறக்கிவைத்துவிட்டு, "உனக்கேவா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அன்றிலிருந்து பாதித் தட்டுச் சோற்றோடு எழுந்துவிடுவார்.

அவரைக் குடைந்தது சொல் தவறியது அல்ல. நாக்கு தவறுவது யாருக்கும் உண்டு. தன் காது இப்படி ஒரு காரியம் செய்யும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. கண் விரும்பியதைக் காது கொடுத்திருக்கிறது. இன்னும் எத்தனை பேருக்கு, எத்தனை இருபது நிமிடங்களில், இப்படிச் செய்திருக்கிறோமோ என்ற எண்ணம் வந்தது. பழைய குறிப்பேடுகளை எல்லாம் இறக்கி, நினைவுக்கு வந்த வழக்குகளை ஒரு தாளில் எழுதினார். முப்பத்தொன்று வந்தது. அவற்றின் பதிவுகளை மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டுமென்று மனு கொடுத்தார். மேலதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் கேட்டார்கள். முப்பது சரியாக இருந்தன. ஒன்றில் ஒரு தேதி மாறியிருந்தது, வழக்கை அது பாதிக்கவில்லை. அதைக் கேட்ட அன்றுதான் ஒரு தட்டுச் சோற்றை முழுதாகச் சாப்பிட்டார்.

அந்த ஆறு மாதமும் வீட்டில் எதுவும் கீழே விழவில்லை. துண்டு கொடியில் கிடந்தது, கரண்டி மாடத்தில் கிடந்தது. ஒரு நாள் காலை, பொறுக்க முடியாமல், கணவரே பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துத் தரையில் போட்டு, இது என்ன சத்தம் என்று கேட்டார். சத்தம்மா வெகுநேரம் யோசித்து, தெரியவில்லை, இன்னொரு தடவை போடுங்கள் என்றார்.

இப்போது மறுபடி வேலைக்குப் போகிறார். சில பழக்கங்கள் மாறியிருக்கின்றன. காவல் நிலையத்தில் கூப்பிடும் வரை சுவரைப் பார்த்து உட்காருகிறார். யார் மேல் வழக்கு, என்ன வழக்கு என்று யாராவது சொல்ல வந்தால் கையை நீட்டித் தடுத்துவிடுகிறார். சாட்சி ஏதாவது ஒரு ஓசையைச் சொன்னால், அனுமதி வாங்கிக்கொண்டு, "அது என்ன மாதிரிம்மா? கையால காட்டுங்க" என்கிறார். வக்கீல்களுக்குப் பொறுமை போகிறது. வகுப்பும் தொடர்கிறது. அந்தப் பாடம் வரும்போது, இந்த வித்தியாசம் தெரியாமல் தப்புச் செய்த ஒருவரைப் பற்றிச் சொல்வதில்லை. தெரிந்தே தப்புச் செய்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். அது யார் என்றும் சொல்லிவிடுகிறார்.

ரொட்டிக்காரர் விடுதலையான நாளைப் பற்றி மட்டும் அவராக வாய் திறப்பதில்லை. அடையாள அட்டையை ஒப்படைப்பதற்காக அன்று அவரும் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். தாழ்வாரத்தில், அலுவலக ஜன்னலுக்கு முன்னால், அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவியின் தங்கை. திரும்பிப் போய்விடலாம் என்று சத்தம்மா நினைப்பதற்குள் அந்தப் பெண் எழுந்து வந்துவிட்டாள்.

"ஏழு மாசமா எங்க அத்தானைக் கொலைகாரன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். குரல் தணிந்துதான் இருந்தது. "ஜெயிலுக்கு ஒரு தடவைகூடப் போகலை. அக்காவைக் கடைசியா கொண்டுபோனப்ப, அவரை அவ முகத்தைப் பார்க்க விடக்கூடாதுன்னு சொன்னது நான்தான். நீங்க சொன்ன ஒரு வார்த்தைக்காக."

மன்னித்துவிடு என்று கேட்க சத்தம்மாவுக்கு வாய் வரவில்லை. கேட்பதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்று தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்தப் பெண் திரும்பிப் போய் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா ஒரு படிவத்தை வெளியே தள்ளினார். போலீஸ் வைத்திருந்த சாமான்களைத் திருப்பி வாங்கிக்கொள்வதற்கானது. ஒரு கைப்பேசி, ஒரு சட்டை, இறந்தவரின் மோதிரமும் வளையலும். பக்கம் நிறைய ஆங்கிலம். கீழே கையெழுத்துப் போடு என்று பேனாவால் தட்டிக் காட்டினார். ரொட்டிக்காரர் தாளை மேலும் கீழும் பார்த்தார். மைத்துனியைப் பார்த்தார். அவளுக்கும் தெரியாது. தாழ்வாரத்தில் வேறு தமிழ் ஆள் யாரும் இல்லை. பிறகு முகத்தைத் திருப்பாமலே, தாளைப் பிடித்த கையை மட்டும் சத்தம்மா பக்கம் நீட்டினார்.

சத்தம்மா பெஞ்சின் ஓரத்தில், நடுவே ஓர் ஆள் இடம் விட்டு, உட்கார்ந்தார். அந்த இடத்தில் தாளை விரித்து, கையெழுத்துப் போட வேண்டிய கோட்டைக் காட்டாமல், முதல் வரியின் முதல் சொல்லுக்குக் கீழே விரலை வைத்தார்.